உடனே என்று சொன்னேன்

அன்று காலை மதுரை விமான நிலையத்தில் பயணிகள் ஏறிக்கொண்டிருந்தபோது நான் எங்கள் கேப்டனைத் திருத்தினேன். கணக்கில் இருப்பதைவிட எரிபொருள் குறைவாக ஏறியிருக்கிறது என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார்.

"இது சென்னையிலருந்து வந்த கணக்கும்மா. திரும்பிப் போற கணக்கு கீழ இருக்கு பாரு."

இருந்தது. நான்தான் மேல் தாளோடு நின்றுவிட்டேன். கதவருகே நின்றிருந்த இன்ஜினியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். கேப்டன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. இன்றைக்கு இனி அவசியமில்லாமல் வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நடந்ததற்கு இதைக் காரணமாக எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். இது ஒரு காரணமாகுமா என்று இன்னும் தெரியவில்லை.

நான் துணை விமானியாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் அத்தாவுக்குக் காஜிமார் தெருப் பக்கம் குடையும் பையும் விற்கிற கடை. அண்ணனும் அதே கடையில்தான். எங்கள் குடும்பத்தில் அதுவரை விமானம் ஏறியவர்கள் உம்ராவுக்கு மக்கா போய்வந்த பெரியவர்கள் மட்டுமே. பெண் பிள்ளையை விமானி படிப்புக்கு அனுப்பியதற்காக அத்தா கேட்ட பேச்சு கொஞ்சமில்லை. அதனால் என் வேலையில் எது நடந்தாலும் அது அத்தாவின் கௌரவமும் சேர்ந்ததாக இருந்தது.

கேப்டன் மேலூருக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். நெல் போடுகிற குடும்பம். விமானப்படையில் இருந்துவிட்டுப் பயணிகள் விமானத்துக்கு வந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். என்னை மற்றவர்களிடம் "நம்ம ஊருப் புள்ள" என்றுதான் அறிமுகப்படுத்துவார். அவர் விமானத்தை இறக்கினால் பின்னால் தூங்குகிறவர்கள் விழிக்க மாட்டார்கள் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

எங்களுடையது இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள் கொண்ட சிறிய விசிறி விமானம். இடது எஞ்சின் நம்பர் ஒன், வலது நம்பர் டூ. அன்று அவர் இடது இருக்கையில் ஓட்டினார். வலது இருக்கையில் இருந்த எனக்குக் கருவிகளைப் பார்த்துச் சொல்கிற வேலை. வேறு ஒன்றுமில்லை, பார்க்க வேண்டும், சொல்ல வேண்டும்.

கிழக்கு நோக்கிக் கிளம்பினோம். மழை பெய்து ஓய்ந்திருந்த சமயம்; கீழே கண்மாய்களில் தண்ணீர் பளபளத்தது. சக்கரங்கள் உள்ளே மடங்கிச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். என் பக்கத்து ஜன்னலில் ஒரு பறவையின் அகன்ற இறக்கை தெரிந்து மறைந்தது. வலப்பக்கம் டமார் என்று ஒரு சத்தம். விமானத்தின் மூக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. எச்சரிக்கை மணி அடிக்க ஆரம்பித்தது. கறி தீய்ந்த வாடை உள்ளே வந்தது.

வலது எஞ்சின் நின்றால் மூக்கு வலப்பக்கம் போகும். அதை நேராக்க இடது காலால் மிதிக்க வேண்டும். அவர் அந்த நொடியிலேயே மிதித்தார். விமானம் நேரானது. அதற்கடுத்து, நின்றுபோன எஞ்சினின் லீவரைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அதைத் தொடுவதற்கு முன் இரண்டு விமானிகளும் எது நின்றது என்று வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் போயிருக்கிறது என்று பயிற்சியில் எங்களுக்கு ஒரு வழியும் சொல்லித் தருவார்கள். இதையெல்லாம் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர் அவர். ஆனால் அன்று அவருடைய இடது கால் முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது, கையும் அந்தப் பக்கமே போய்விட்டது. இடது லீவரைப் பிடித்து இழுத்தார். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் அது.

நான் பார்த்தேன். அவர் கை அந்த லீவருக்குப் போகும்போதே பார்த்தேன். வலது எஞ்சினின் முள் கீழே கிடந்ததையும் பார்த்தேன். என் கண்ணில் எந்தக் குழப்பமும் இல்லை. குழப்பம் எல்லாம் வாயில்தான். இவர் தப்புச் செய்வாரா, நான்தான் மறுபடியும் தப்பான தாளைப் பார்க்கிறேனோ என்று ஒரு நினைப்பு. சொல்லி அது தப்பாக இருந்தால் என்று இன்னொரு நினைப்பு. இரைச்சல் அடங்கி விமானம் உட்கார்ந்தது போல இருந்தது. வேகம் குறைந்துகொண்டே வந்தது. கண்ணுக்கு எதிரே புளியமரங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. ஒரு கோழிப்பண்ணையின் தகரக் கூரை தெரிந்தது. அதன் பிறகுதான் என் குரல் வந்தது.

"சார்... நம்பர் டூ, சார். போனது நம்பர் டூ."

அவர் கருவியை ஒரே ஒரு முறை பார்த்தார். லீவரை முழுதாக முன்னுக்குத் தள்ளினார். இடது எஞ்சின் திரும்ப இரைய ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததையெல்லாம் நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் ஒரு குறை சொல்ல முடியவில்லை. தரை அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது யாருக்கும் மூக்கை மேலே தூக்கத்தான் கை வரும். தூக்கினால் இருக்கிற வேகமும் போய் விமானம் விழும். அவர் மரங்களைப் பார்த்துக்கொண்டே மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினார். வேகம் வரும்வரை அப்படியே வைத்திருந்தார். எந்தப் பக்கமும் திருப்பவில்லை. வேகம் வந்தது, மரங்கள் மெல்லக் கீழே போயின.

"இப்பச் சேந்து பாப்போம். எது போயிருக்கு?"

"நம்பர் டூ, சார்."

"லீவரத் தொட்டுக் காட்டு."

தொட்டுக் காட்டினேன். "சரி, இழு" என்றார். அவர் குரல் காலையில் தாளைக் காட்டியபோது இருந்த அதே குரல்தான். என் விரல்கள்தான் நிற்கவில்லை.

கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து உடனே திரும்புகிறீர்களா என்று கேட்டார்கள். நானும் அதைத்தான் விரும்பினேன். எப்படியாவது அந்த ஓடுதளம் காலுக்குக் கீழே வந்தால் போதும். அவர் தலையை ஆட்டினார். "பறந்துக்கிட்டுத்தான இருக்கோம். அவசரப்பட்டு இந்த உயரத்துல வளைச்சோம்னா அதுதான் வம்பு." நேராகவே ஏறி, பிறகு ஓடுகிற எஞ்சின் பக்கமாக, இடப்பக்கம், பெரிய வட்டமாக மெல்லத் திரும்பினார். நடுவில் ஒலிபெருக்கியை எடுத்து, ஒரு எஞ்சினை நிறுத்தியிருக்கிறோம், மதுரைக்கே திரும்புகிறோம், இன்னொன்றை வைத்து நன்றாக இறங்க முடியும் என்று தமிழில் நிதானமாகச் சொன்னார். தூரத்தில் திருப்பரங்குன்றம் மலை தெரிந்தது. எப்போதும் போல மெத்தென்று இறக்கினார்.

தீயணைப்பு வண்டிகள் சூழ்ந்துகொண்டன. பின்னால் சிலர் எழுந்து, சறுக்குப் பாதையைத் திறந்து குதிக்க விடச் சொல்லிக் கத்தினார்கள். நெருப்பு இருக்கிறதா என்று வெளியே இருந்தவர்களிடம் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டு, இல்லை என்று தெரிந்த பிறகு, எல்லோரையும் படி வழியாகவே இறங்கச் சொன்னார். குதித்திருந்தால் வயதானவர்கள் நிறையப் பேர் காலை முறித்துக்கொண்டிருப்பார்கள். அன்று யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

எல்லோரும் இறங்கிப் போன பிறகும் அவர் இருக்கையை விட்டு எழவில்லை. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு முன் கண்ணாடியையே பார்த்திருந்தார்.

"மாத்தி இழுத்துட்டேன்ல" என்றார்.

நான் என் பெல்ட்டைக் கழற்றினேன்.

"அப்படியேதான் சொல்லப் போறேன். நீயும் நடந்தத அப்படியே சொல்லு. எனக்காக எதையும் மறைக்காத."

அதன்படியே விசாரிக்க வந்த அதிகாரியிடம் அவர் ஒரு வார்த்தையும் மழுப்பாமல் சொன்னார். நல்ல எஞ்சினைத் தவறாக இழுத்தேன், துணை விமானி சொன்ன பிறகு சரிசெய்தேன் என்றார். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"நீங்க கவனிச்சதும் உடனே சொன்னீங்களா?"

"ஆமா சார். உடனே சொன்னேன்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. கேள்வியிலேயே இருந்த சொல்லை எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் கொடுத்த பிறகு, இல்லை சார், கொஞ்சம் தாமதித்தேன் என்று சொல்ல நேரம் இருந்தது. அதிகாரி தண்ணீர் குடித்தார், பேனாவைத் தேடினார். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். கேப்டன் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எதையோ நினைவுக்குக் கொண்டுவர முயல்கிறவர் மாதிரி இருந்தது. அது என்ன என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் அத்தா வீட்டுக்குப் போனேன். அம்மா என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தெருவில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். தேநீர் போட்டு மாளவில்லை. அண்ணன் என் எதிரில் உட்கார்ந்து, என்ன நடந்தது, முழுசாகச் சொல் என்றான். விசாரணை முடியும்வரை விமானி அறையில் நடந்ததை வெளியே பேசக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வீட்டு ஆட்களிடம்தானே என்று நினைத்துச் சொல்லிவிட்டேன். பறவை, சத்தம், தீய்ந்த வாடை, கேப்டன் மாற்றி இழுத்தது, நான் உடனே சொன்னது. இரண்டாம் முறை சொல்லும்போது உடனே என்பது சுலபமாகவே வந்தது.

"அப்ப நீ சொல்லலன்னா?" என்றான் அண்ணன்.

"கஷ்டம்தான்."

அத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எதிர்வீட்டு அம்மா ஒருவர், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இம்புட்டுப் படிப்புன்னு கேட்டவகளக் கூட்டியாந்து காட்டணும்" என்றார். அத்தா அப்போது என்னைப் பார்த்த பார்வைக்காகவே நான் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பேன்.

அண்ணன் அன்றே முகநூலில் எழுதிவிட்டான். விமானி தப்பான எஞ்சினை நிறுத்தினார், என் தங்கை உடனே தடுத்து அத்தனை உயிர்களையும் காப்பாற்றினாள் என்று, சீருடையில் நான் இருக்கும் படத்தோடு. என்னிடம் கொண்டுவந்து காட்டினான். எடுத்துவிடு என்று அப்போது சொல்லியிருக்கலாம். நான் படத்தைப் பார்த்து, "வேற நல்ல படம் இல்லையா" என்று கேட்டேன்.

மறுநாள் அது எங்கெங்கோ போய்விட்டது. உள்ளூர்த் தொலைக்காட்சியில் வாசித்தார்கள். தெருமுனையில் என் படம் போட்ட பெரிய பிளெக்ஸ் வைத்தார்கள். விமானத்தின் முன்னால் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல ஒட்டுவேலை செய்திருந்தார்கள். கேப்டனின் பெயரையும் படத்தையும் யாரோ கண்டுபிடித்துப் போட்டார்கள். இவருக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது, குடித்திருப்பார், இடது கை வலது கை தெரியாதவர் என்று கீழே கீழே எழுதிக்கொண்டே போனார்கள். கம்பெனியிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. யாரிடம் சொன்னாய் என்று கேட்டார்கள். வீட்டில் என்றேன். பேசிய அதிகாரி, "இனிமேலாவது பேசாதீங்க" என்று வைத்துவிட்டார். அண்ணனிடம் அந்தப் பதிவை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தான். அதற்குள் அது அவனுடையதாக இல்லை.

எங்கள் தெருக்காரர்கள் ஒரு மண்டபத்தில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். வேண்டாம் என்றேன், அத்தா, "பெரியவங்க கூப்புடுறாக, போகாம இருந்தா நல்லா இருக்காது" என்றார். பொன்னாடை போர்த்தினார்கள். பேசிய ஒருவர், அனுபவசாலியின் கை நடுங்கியபோது நம் வீட்டுப் பெண்ணின் கை நடுங்கவில்லை என்றார். என்னைப் பேச அழைத்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தேன்.

"விமானத்த இறக்குனது கேப்டன்தான். அவர் இல்லேன்னா யாரும் பொழச்சிருக்க முடியாது" என்றேன்.

கைதட்டல் இன்னும் கூடியது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "எம்புட்டு அடக்கமாப் பேசுது பாருங்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அதற்கு மேல் சொல்ல வேண்டியிருந்தது என்னைப் பற்றியது. நான் சொல்லாமல் இறங்கிவிட்டேன். சொல்லியிருந்தால் அத்தா அந்த மண்டபத்தில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். அத்தாவை நினைத்தேன் என்று சொல்வதே எனக்கு வசதியாக இருக்கிறது என்பதும் தெரிகிறது.

சில நாட்களில் விசாரணைக்குச் சென்னை வரச்சொல்லி அழைப்பு வந்தது. விமானி அறையில் பேசுவதைப் பதிவுசெய்யும் கருவியிலிருந்து எடுத்ததைப் போட்டுக் காட்டுவார்கள் என்று சொன்னார்கள். அதில் என் மௌனமும் பதிந்திருக்கும். எப்படியும் தெரிந்துவிடப் போகிறது என்றான பிறகுதான் நான் மேலூருக்குக் கிளம்பினேன். அதற்கு முன்னால் எனக்குத் தைரியம் வரவில்லை.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். ஒரு பை நிறைய ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டேன், ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் மாதிரி. மேலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோக்காரரிடம் ஊர் பேரைச் சொல்லி, பைலட் வீடு என்றேன்.

"யாரு, எஞ்சின மாத்தி அமத்துனாரே, அவரா?" என்றார் ஆட்டோக்காரர். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. அப்படித்தான் அவரை அடையாளம் சொல்கிறார்கள் என்று தெரிந்தது. நான் ஆமாம் என்று ஏறிக்கொண்டேன். வேறு என்ன சொல்வது?

கேப்டன் வாசலில் டிராக்டர்காரருடன் பேசிக்கொண்டிருந்தார். கைலி கட்டி, முண்டா பனியன் போட்டிருந்தார். நான் அவரைச் சீருடை இல்லாமல் பார்த்ததே இல்லை. என்னைப் பார்த்ததும் டிராக்டர்காரரை அனுப்பிவிட்டு, "வாம்மா. உள்ள வா" என்றார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பழப்பையை வாங்கிக்கொள்ளவில்லை. நான் அதைக் காலடியில் வைத்துக்கொண்டேன்.

"எங்க அண்ணன் போட்டது தப்பு, சார். நான் வீட்டுல சொன்னதே தப்பு. மன்னிச்சிருங்க."

"அத விடு. நடந்ததத்தான போட்டுருக்கான்." அவர் நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீ சொன்னது எனக்கு எப்பக் கேட்டுச்சுன்னா, மரம் கண்ணுக்கு நேரா வந்தப்ப. வேகம் அம்புட்டும் போயிருச்சு அப்ப. நீ உடனே சொல்லிட்டேன்னு சொல்ற. அப்ப நீ சொன்னது இம்புட்டு நேரம் எனக்குக் கேக்காமயா இருந்துச்சு? எத்தன தடவ சொன்ன?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கேட்பது எனக்குப் புரிய ஆரம்பித்தது.

"மதுரையில போயிக் காத டெஸ்ட் பண்ணிட்டு வந்தேன்" என்றார். "காதுல ஒண்ணும் இல்லேன்னுட்டாக. அப்ப மூளையிலதான். பக்கத்துல ஒரு ஆளு கத்துறது கேக்காமப் போச்சுன்னா, அந்த ஆளு கையில சனங்கள நம்பிக் குடுக்கலாமா? மாத்தி இழுத்ததாவது ஒரு தப்பு. எல்லாருக்கும் வரும், திருத்திக்கலாம். இது அப்படி இல்ல. வேல வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருவோம்னு வீட்டுல சொல்லிட்டேன்."

அந்த அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி கதவருகே நின்றிருந்தார்.

"நான் உடனே சொல்லல, சார்."

அவர் முன்னுக்குச் சாய்ந்தார்.

"கை போகும்போதே பாத்தேன். நம்பர் டூன்னும் தெரிஞ்சது. சொல்லல. ஒரே தடவதான் சொன்னேன், உங்களுக்குக் கேட்டுச்சே, அப்ப. அதுக்கு முன்னாடி நான் வாயத் தொறக்கவே இல்ல. உங்க காதுல எந்தக் கொறையும் இல்ல."

அவருக்கு நிம்மதி வரும் என்று ஏதோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன் போல. அவர் முகம் சிவந்தது. எழுந்து ஜன்னல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"ஏன்?"

"நீங்க தப்புச் செய்வீங்கன்னு தோணல. நாந்தான் தப்பாப் பாக்குறேனோன்னு... காலையில அந்தத் தாள் விசயத்துல..."

"எந்தத் தாள்?"

அவருக்கு அது நினைவிலேயே இல்லை. நான் எடுத்துச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"பின்னாடி உக்காந்திருந்த அத்தன பேரும் செத்துருப்பாங்க" என்றார். "எனக்கு மரியாத குடுத்துச் செத்துருப்பாங்க." பிறகு, "இத ஏன் அன்னைக்கே சொல்லல நீங்க?" என்று கேட்டார்.

நீங்க என்றார். அதுவரை நீ, வா, போ என்று பேசியவர். அன்றிலிருந்து என்னிடம் அவர் பேசியதெல்லாம் அந்த மரியாதையோடுதான்.

அவர் மனைவி முதல் முறையாக வாயைத் திறந்தார். "இவரு ராத்திரியெல்லாம் தூங்கல. டிவிய வச்சுக்கிட்டு, நான் பின்னாடியிருந்து கூப்புட்டாக் கேக்குதா கேக்குதான்னு என்னையப் போட்டு அலைக்கழிச்சுட்டாரு" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். நான் எழுந்து வாரேன் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தேன். பழப்பை எங்கே போனது என்று தெரியவில்லை. அவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருப்பேன்.

விசாரணையில் பதிவைப் போட்டார்கள். பறவை மோதிய சத்தம், மணி, எஞ்சின் இரைச்சல் அடங்குவது. அதன் பிறகு மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. நான் உள்ளே இருந்தபோது அது அவ்வளவு நீளமாகத் தெரியவில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரும் அசையாமல் கேட்டார்கள். கேப்டன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு என் குரல், பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாமல் எழுந்து நிற்கிற பிள்ளையின் குரல் மாதிரி. அதிகாரி பதிவை நிறுத்தி, மணி மட்டும் அடிக்கிற இடத்தைத் திரும்பப் போட்டார். அது எத்தனை நொடி என்று சொன்னார். அவர் கேட்பதற்கு முன்பே, நான் உடனே சொன்னதாகச் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் இருவரையும் கொஞ்ச காலம் பறக்க விடாமல் மறுபயிற்சிக்கு அனுப்பினார்கள். அவர் முதலில் தேறி வேலைக்குத் திரும்பினார். எனக்கு அதைவிட நாள் பிடித்தது. பயிற்சி விமானி அறையில் பயிற்சியாளர் வேண்டுமென்றே தவறு செய்வார். நான் சொல்ல வேண்டும். முதல் சில முறை, பொய்த் தவறு என்று தெரிந்தும், எனக்கு நாக்கு எழவில்லை.

வீட்டில் சொன்னபோது அண்ணன், "விடு, இது யாருக்குத் தெரியப் போகுது" என்றான். நான் பிடிவாதமாக நின்று அவனை எழுத வைத்தேன். தங்கை சொல்லத் தாமதித்தாள், கேப்டனின் திறமையால்தான் எல்லோரும் பிழைத்தார்கள் என்று எழுதினான். அதை எங்கள் சொந்தக்காரர்கள் சிலரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அத்தா, கடைக்கு வருகிறவர்களிடம் என் மகள் பைலட் என்று முன்பு போலச் சொல்வதை நிறுத்திவிட்டார். அதை அம்மாதான் எனக்குச் சொன்னார்.

கேப்டனோடு நான் மறுபடி பறக்கவில்லை. அவர்தான் அப்படிக் கேட்டுக்கொண்டார் என்று ஒருவர் சொன்னார். தற்செயலாக அமைந்தது என்று இன்னொருவர் சொன்னார். சென்னையில் ஊழியர் வண்டியில் ஒரு முறை எதிரெதிரே உட்கார நேர்ந்தது. "நல்லா இருக்கீங்களா? அத்தா சொகமா?" என்று கேட்டார். சுகம் என்றேன். பிறகு இருவரும் வெளியே பார்த்துக்கொண்டு போனோம்.

இப்போது புதிதாகச் சேருகிற துணை விமானிகளுக்கு வகுப்பு எடுக்கும்போது என்னையும் அழைக்கிறார்கள். நடந்ததைச் சொல்கிறேன். என் மௌனத்தையும் பொய்யையும் சொல்கிறேன். முதல் தடவை சொன்னபோது குரல் உடைந்து நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது. இப்போது எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்கிறார்கள். முடிந்ததும் சிலர் வந்து, இதை இப்படி வெளிப்படையாகச் சொல்வதற்குப் பெரிய மனசு வேண்டும் மேடம் என்கிறார்கள். அந்த மண்டபத்தில் நின்றது போலவே இருக்கிறது எனக்கு.

போன வகுப்பில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அந்த கேப்டன் இப்ப எங்க இருக்காரு மேடம்?" என்று கேட்டாள்.

"போன வருசம் ரிட்டயர் ஆயிட்டாரு. மேலூர்ல இருக்காரு" என்றேன்.

"அங்க இருக்கவங்களுக்கு இதெல்லாம் தெரியுமா? அவருதான் காப்பாத்துனாருன்னு?"

தெரியாது என்றேன். அவள், "அப்ப நீங்க போயி..." என்று கேட்க வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.